கணினிக்குத் தெரியவில்லை என்றால் செத்துப்போச்சா?

போன வாரம் முழுக்க ஹாஸ்டலில் எனக்கு ஒரே அட்வைஸ் மழை. "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு மச்சி!" டப்பா என்று அவர்கள் சொன்னது என் தாத்தாவின் பழைய மின்நூல் வாசிப்பானை. என் புது லேப்டாப்பில் சொருகினால் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

சர்வீஸ் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "ரொம்பப் பழசு தம்பி, சப்போர்ட் கிடையாது." கேபிளைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை.

புதுசு வாங்கலாம்தான். ஆனால் ரிட்டையர்டு ஆங்கில வாத்தியாரான தாத்தா அதில் அடிக்கோடிட்டு எழுதிவைத்த குறிப்புகளை எந்தக் கடையில் வாங்குவது? அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

'பழசு' என்பது ஒரு காரணமே இல்லை, வெறும் சோம்பேறித்தனம். அந்தக் காலத்து வாசிப்பான்களில் பெரும்பாலானவை கணினிக்கு பென்டிரைவ் மாதிரிதான் தெரியும். இன்றைய கணினியும் பென்டிரைவைப் படிக்கிறதே? அப்புறம் சப்போர்ட் எங்கே போச்சு?

என் விஷயத்தில் முதல் குற்றவாளி கேபிள். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் இரண்டு கம்பி மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போட மட்டும் என்று விற்கும் கேபிள்களில் தகவல் கம்பி இருக்காது. நண்பனின் பழைய போன் கேபிளைப் போட்டேன், 'டிங்' என்றது. ஆனாலும் டிரைவைக் காணோம்! விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பார்த்தால், எழுத்து ஒதுக்கப்படாமல் அனாதையாக நிற்கிறது. ஓர் எழுத்து கொடுத்தேன், திறந்துகொண்டது. செலவு பூஜ்யம்.

உங்களுக்கும் இப்படி ஆனால்: ஒரு மணி நேரம் சார்ஜ் போடுங்கள். பவர் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஹப் வேண்டாம், நேராகச் சொருகுங்கள். வாசிப்பானின் திரை 'இணைக்கவா?' என்று கேட்டால் ஆமாம் சொல்லுங்கள்.

எல்லாமே இவ்வளவு சுலபமாக மீளாது, ஒப்புக்கொள்கிறேன். சோனி 2006-இல் விட்ட பிஆர்எஸ்-500 பென்டிரைவ் மாதிரி பேசாது. அதற்கு விண்டோஸும் சோனியின் மென்பொருளும் வேண்டியிருந்தன. லினக்ஸ்காரர்கள் கதி? அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த கோவிட் கோயல் அது பேசும் மொழியைக் குடைந்து கண்டுபிடித்து மென்பொருள் எழுதினார். அதுதான் வளர்ந்து இன்றைய காலிபர். பூட்டியது கம்பெனி, திறந்தது ஒரு மாணவர்!

பூட்டும் வேலை இன்னும் நிற்கவில்லை. வாங்கிய கிண்டில் நூலைத் தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் எடுத்துவிட்டது. நம் பொருளுக்கும் நமக்கும் நடுவில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஒயர்தான். அது வேலை செய்யும்போதே உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து வையுங்கள்.

தாத்தாவின் குறிப்புகள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருந்தன. இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன.

டிஸ்கி: அட்வைஸ் சொன்ன மச்சான்களே, உங்கள் அலமாரியில் தூங்கும் 'செத்த' சாமான்களைக் கொண்டுவாருங்கள். கேபிள் என்னிடம் இருக்கிறது :-)