பூட்டிய அறையில் தொடங்கிய சாகசம்

மூன்று பெட்டிகள். ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் தீவட்டி, இன்னொன்றில் சாவி. எதிரே அரசர் அமர்ந்திருக்கிறார், அறைக்கதவு பூட்டியிருக்கிறது. 1986 மே 27 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீடியோ ஆட்டக் கருவிக்காக வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ இப்படித்தான் தொடங்குகிறது. உலகைக் காக்கப் புறப்பட்ட வீரன் முதலில் அந்த அறையை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

பொத்தானை அழுத்தினால் எட்டுக் கட்டளைகள் திரையில் வரும். ‘பேசு’ என்றால் காவலர் வழி சொல்வார். பெட்டியருகே போய் ‘எடு’ என்றால் சாவி கிடைக்கும். கதவுக்கு ஒரு கட்டளை, படியிறங்க ஒரு கட்டளை. அந்த ஓர் அறையைக் கடப்பதற்குள், அதுவரை இப்படியொரு ஆட்டத்தைக் கண்டிராத சிறுவனுக்கும் எல்லாம் பிடிபட்டுவிடும். புதிதாக வருகிறவர் மீது இவ்வளவு அக்கறை காட்டிய ஆட்டம் அந்நாளில் அபூர்வம்.

அந்த அறையை வடிவமைத்தவர் யூஜி ஹோரி. அவாஜித் தீவில் பிறந்தவர், வசேடா பல்கலைக்கழகத்தில் படித்தவர், ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ மங்கா இதழில் எழுதிவந்தவர். எனிக்ஸ் நிறுவனம் நடத்திய கணினி ஆட்டப் போட்டிக்கு டென்னிஸ் ஆட்டம் ஒன்றை அனுப்பிப் பரிசு பெற்றார். அதே போட்டியில் பரிசு வாங்கிய பள்ளி மாணவர் கோய்ச்சி நகமுராதான் பின்னாளில் டிராகன் குவெஸ்டுக்கு நிரல் எழுதினார். இருவரையும் மயக்கியவை ‘விஸார்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற அமெரிக்கக் கணினி ஆட்டங்கள். அவற்றை ஆட விலையுயர்ந்த கணினி வேண்டும். தடித்த கையேட்டைப் படிக்க வேண்டும். சுரங்கப் பாதைகளைக் கட்டத்தாளில் வரைந்துகொள்ளவும் வேண்டும். ஃபேமிகாம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளோ மரியோவைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கையில் இந்த வகை ஆட்டத்தைக் கொடுக்க முடியும் என்று ஹோரி நம்பினார்.

இடம்தான் பெரிய தடை. வரைபடம், அரக்கர்கள், இசை, உரையாடல் எல்லாம் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, ஜப்பானியக் கதகானா எழுத்துகளில் 20 மட்டுமே வைத்துக்கொண்டார்கள். கதகானாவில் எழுதிய அரக்கர் பெயர், ஊர்ப் பெயர், மந்திரப் பெயர் எல்லாம் அந்த எழுத்துகளைக் கொண்டே அமைந்தன. வீரன் எந்தப் பக்கம் நடந்தாலும் முகம் நம்மைப் பார்த்தே இருக்கும்; திரும்பிய உருவங்களுக்கு இடமில்லை. அதனால் யாரோடாவது பேச வேண்டுமென்றால் வடக்கா, தெற்கா என்று திசையையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தச் சின்ன இடத்தில் எவ்வளவு யோசனை! கோட்டையை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால், நீருக்கு அப்பால் எதிரியான டிராகன் மன்னனின் கோட்டை கண்ணில் படும். போய்ச் சேர வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. போகும் வழிதான் தெரியாது. பாலத்தைத் தாண்டினால் அரக்கர்கள் வலுப்பெறுகிறார்கள். கடையில் செப்பு வாள் 180 காசு. கையிலிருப்பது 120. மீதிக் காசுக்காகப் புல்வெளியில் ஸ்லைம் என்ற எளிய அரக்கர்களை அடித்துத் திரிய வேண்டும். ஒரு ஸ்லைமுக்கு ஓர் அனுபவப் புள்ளி. 7 புள்ளி சேர்ந்தால் இரண்டாம் நிலை. தோற்றுவிட்டால் அரசர் முன் உயிர்த்தெழலாம். காசில் பாதி போகும், சேர்த்த அனுபவம் போகாது. விரல் வேகம் இல்லாதவர்களும் பொறுமையால் ஜெயிக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை ஹோரியின் ஆகப் பெரிய கொடை என்றே சொல்ல வேண்டும்.

கூட்டணியும் அபாரமானது. ஜம்ப் இதழின் ஆசிரியர்களில் ஒருவரான கசுஹிகோ தோரிஷிமா மூலம், ‘டிராகன் பால்’ வரைந்துகொண்டிருந்த அகிரா தோரியாமா சேர்ந்தார். ஸ்லைமுக்கு ஹோரி வரைந்து கொடுத்தது கூழ்க் குவியல் ஒன்றுதான். தோரியாமா அதைச் சிரித்த முகத்துடன் ஒரு நீர்த்துளியாக்கினார். உலகம் அறிந்த நீல ஸ்லைம் அதுதான். இசைக்கு வந்த கோய்ச்சி சுகியாமா தொலைக்காட்சிக்கும் விளம்பரங்களுக்கும் இசையமைத்துப் புகழ்பெற்றவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். எனிக்ஸின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) ஆட்டம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கருத்து அஞ்சலட்டை வழியே நிறுவனத்தோடு தொடர்பு ஏற்பட்டது.

ஆட்டத்தைச் சேமித்து வைக்க அட்டையில் வசதி இல்லை. அரசரிடம் போனால் ‘உயிர்ப்பு மந்திரம்’ சொல்வார்: 20 ஹிரகானா எழுத்துகள், ஹைக்கூவைப் போல 5, 7, 5 என்று பிரித்து, கடைசியில் ஒரு 3. காகிதத்தில் எழுதி வைத்து மறுநாள் அதையே உள்ளிட வேண்டும். ஹிரகானாவில் ‘நு’வும் ‘மே’யும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைய தொலைக்காட்சியின் மங்கிய திரையில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால், மந்திரம் தவறு என்று வந்து நிற்கும்; முந்தைய நாள் உழைப்பு அத்தனையும் போச்சு.

முதலில் விற்பனை மந்தமாகத்தான் இருந்தது. ஜம்ப் இதழ் தொடர்ந்து எழுதியதில் சூடுபிடித்து, ஜப்பானில் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. 1988 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தபோது கடைவாசல்களில் நீண்ட வரிசைகள், பள்ளிக்கு மட்டம் போட்ட மாணவர்கள். அமெரிக்காவுக்கு 1989-ல்தான் ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரில் போனது; மந்திரத்துக்குப் பதில் பேட்டரி மூலம் சேமிக்கும் வசதியும் அதில் வந்தது. 2021-ல் தோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அரங்கினுள் நுழைந்தபோது முதலில் ஒலித்தது சுகியாமாவின் டிராகன் குவெஸ்ட் முகப்பிசைதான். அவர் அதே ஆண்டு செப்டம்பரிலும், தோரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள்.

முதல் இரண்டு பாகங்களும் 2025 அக்டோபரில் புது வடிவில் வந்திருக்கின்றன. இந்த வரிசையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் பிந்தைய பெரிய பாகங்களுக்குத் தாவ வேண்டாம். முதல் பாகத்தை முதலில் ஆடுங்கள்.