ஒரே பேரு... ஊர் ஊரா மாநாடு! பூட்டு யார் கையில்?

சென்னை:
ஊருக்கு ஊர் முனியாண்டி விலாஸ் இருக்கிறது. முதலாளி வேற வேற, பேரு ஒண்ணு. ஒரு ஊரில் ருசி பிடித்துவிட்டால், அடுத்த ஊரிலும் அதே பேரை நம்பி உள்ளே போகிறோம்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான்!

பைத்தான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. காசு கிடையாது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். இதற்குத்தான் 'ஓப்பன் சோர்ஸ்' என்று பேரு. இந்த மொழிக்காரர்கள் கூடும் மாநாடு 'பைகான்'. முதல் மாநாடு 2003ல் அமெரிக்காவின் வாஷிங்டனில் நடந்தது. 2009ல் பெங்களூரில் 'பைகான் இந்தியா' தொடங்கியது. புனே, டெல்லி, ஐதராபாத் சுற்றி 2019ல் சென்னைக்கும் வந்தது. இதை நடத்துவது கம்பெனி அல்ல, உள்ளூர் ஆர்வலர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழி இலவசம்... பேரு?

மொழி எல்லாருக்கும் சொந்தம். ஆனால் பேரு அப்படி இல்லை. அது அமெரிக்காவில் உள்ள பைத்தான் சாப்ட்வேர் பவுண்டேஷன் வசம் இருக்கிறது. அவர்களிடம் நிதி உதவி வேண்டும் என்றால், மாநாட்டில் நடத்தை விதிகள் கட்டாயம். இது 2012ல் எடுத்த முடிவு.

பூட்டு எதற்கு? 2013ல் பிரிட்டன் கம்பெனி ஒன்று, 'பைத்தான்' என்ற பேரை ஐரோப்பா முழுக்கத் தன் பேரில் பதிவு செய்ய மனு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. காவல் இல்லை என்றால் பேரு கை மாறியிருக்கும்!

பூட்டும் வம்புதான்

வெப்சைட் உருவாக்கும் வேர்ட்பிரஸ் கதை வேறு. அதன் மாநாடான 'வேர்ட்கேம்ப்' பேருக்கும் பவுண்டேஷன் அனுமதி வேண்டும். 2024 செப்டம்பரில் போர்ட்லேண்ட் வேர்ட்கேம்ப் மேடையிலேயே, வேர்ட்பிரசை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக், டபிள்யூபி என்ஜின் கம்பெனியை வெளுத்து வாங்கினார். டிரேட்மார்க் தகராறு முற்றி, அக்டோபரில் கோர்ட்டுக்குப் போனது. ஊர் ஊராக மாநாடு நடத்திய ஆர்வலர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, பேரை அவிழ்த்து விட்டாலும் ஆபத்து, ஒரே கையில் இறுகினாலும் ஆபத்து. ஹால் பிடித்து, ஸ்பான்சர் தேடி, ராப்பகலா அலைவது உள்ளூர் பசங்க. பேரை எப்போது கொடுப்போம், எப்போது பறிப்போம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால் அவர்களுக்கு நிம்மதி. சாவி வைத்திருப்பவர்கள் யோசிப்பார்களா?