முத்துக் குளியல்

"அப்பா, லீவுல சோப்பு செய்வோமா?" என்றாள் மகள். பி.காம். படித்தவனாச்சே, உடனே கணக்குப் போட்டேன். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்தால் சோப்பு. காஸ்டிக் சோடா உப்பிலிருந்து வருகிறது. தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் காஸ்டிக் பட்டால் கை வெந்துவிடும், பிள்ளைகளுக்கு ஆகாது.

எனவே சிக்கனத் திட்டம்! பாத்ரூமில் தேய்ந்து கிடந்த சோப்புத் துண்டுகளைத் தேங்காய்த் துருவியில் துருவி, ரெண்டு ஸ்பூன் வெந்நீர் தெளித்து, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து உருட்டினோம். ஏழு உருண்டை! (மறுநாள் சட்னி நுரைத்ததும், வீட்டம்மா என்னைத் துவைத்துக் காயப்போட்டதும் தனிக்கதை.)

"இது சோப்பு இல்லப்பா, முத்து" என்றவள், ஒன்றை எதிர்வீட்டுத் தாத்தாவிடம் நீட்டினாள். 1961-ல் இங்கே கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில், தோணியில் கயிறு பிடித்த பையன் அவர்.

உருட்டி உருட்டிப் பார்த்தார். "எத்தனையோ சிப்பிய எண்ணிப் போட்டேம்ளா. ஒரு முத்துகூட எங்கையில தங்கல. இதுதான் மொதல் முத்து."

ஒரு மாசமாச்சு. உருண்டை அப்படியே அவர் வீட்டு மாடத்தில் இருக்கிறது.

"இன்னும் குளிக்கலையா தாத்தா?"

"முத்துக் குளிக்கப் போனவன், முத்தப் போட்டுக் குளிப்பானாளா?"