கழிவின் கணக்கு

மயிலிட்டியின் மண்ணுக்கடியில் பொன் இல்லை, சுண்ணாம்புக்கல்லே உண்டு. ஆயினும் பொன்னெடுக்கும் நுரைமிதப்பு முறைபற்றி இங்கிருந்து நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. தோண்டப்பட்ட நிலத்தின் அயலில் வாழ்வோர்க்கு, பாடநூல் எங்கே நின்றுவிடுகிறது என்பது நன்கு புலப்படும்.

பொன் சிலவிடங்களில் பைரைற்று, ஆசனோபைரைற்று ஆகிய சல்பைட்டுக் கனிமங்களுள் கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டுக் கிடக்கிறது. தாதை மாவாக அரைத்து, நீரும் இரசாயனமும் சேர்த்துக் காற்றூதினால், சல்பைட்டுத் துணிக்கைகள் குமிழிகளைப் பற்றி நுரையோடு மேலெழும். வெறுங்கல் அடியில் தங்கும். மனித அறிவின் அரிய வெற்றி இது. ஆனால் நுரையை வழித்ததும் பாடம் முடிந்துவிடுகிறதே, அதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

வழித்தெடுத்த நுரை இன்னும் பொன் ஆகிவிடவில்லை. அதை வறுத்தால் கந்தக வாயுவும் ஆசனிக் நஞ்சும் வெளிப்படும். கனடாவின் யெலோநைஃபில் 1948இல் உற்பத்தியைத் தொடங்கிய ஜயன்ற் சுரங்கம் 2004இல் மூடப்பட்டது. தெனே மக்களின் நிலத்தடியில் அது விட்டுச்சென்ற ஆசனிக் தூள் 2,37,000 தொன். பொன் போய்விட்டது; நஞ்சு போகவில்லை.

நம்மவர் கதையும் வேறன்று. கோலாரில் 1880 முதல் ஜோன் ரெய்லர் கம்பனிக்காகப் பாறை பிளந்தோரில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினரே பெருந்தொகையினர். அங்கே கல்லை அரைத்துச் சயனைட்டில் பொன்னைக் கரைத்தனர். முறை வேறு; கழிவின் நியதி ஒன்றே. 2001 பெப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 800 தொன் பொன் வெளியேறியிருந்தது. தொழிலாளர்க்கு எஞ்சியவை நுரையீரலில் படிந்த கல்தூளும், ஊரருகே மலையெனக் குவிந்த அரைகல்லும்.

உடைமை மாறினால் எல்லாம் சீராகும் என்பார் உளர். கோலார் 1956இல் அரசுடைமையாயிற்று. கழிவு மலை அகன்றதா? காங்கேசன்துறைச் சீமெந்தாலையும் அரசின் ஆலையே. 1990இல் போர் அதனை நிறுத்தியது. அதே ஆண்டு மயிலிட்டி மக்களையும் ஊரைவிட்டுத் துரத்தியது. 2017இல் துறைமுகம் மீண்டது; சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. உடைமை மட்டுமன்று, கணக்கும் மக்கள் கைக்கு வரவேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! நுரைமிதப்புத் தொட்டியின் படத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு நிறுத்தாதீர்கள். கீழே செல்லும் அம்புக்குறியையும் வரையுங்கள். அது எந்த ஊரில், எந்தக் கிணற்றருகில், யாருடைய செலவில் முடிகிறது என்று எழுதச் சொல்லுங்கள். அகழ்வுக்கு அனுமதி கேட்டு வருவோரிடம், முதல் மண்வெட்டி விழுமுன் அதே கேள்வியைக் கேட்கும் உரிமை ஊரவர்க்கும் தொழிலாளர்க்கும் வேண்டும். அறிவு அவர்களுக்கு அந்த உரிமையைப் பெற்றுத்தரும் ஆயுதமாகட்டும்.