முதலில் தண்ணீர், பிறகு தூரம்

புனேயில் வெள்ளிக்கிழமை மாலையானால் பல வீடுகளில் முதுகுப் பைகள் நிரம்பத் தொடங்குகின்றன. கல்லூரி மாணவர்கள், கணிப்பொறி நிறுவன ஊழியர்கள், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகள் என எல்லாத் தரப்பினரும் சனிக்கிழமை விடியலில் ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் நிற்பார்கள். பையில் அடுப்பு இருக்கும், படுக்கை விரிப்பு இருக்கும், கேமரா இருக்கும். தண்ணீர் மட்டும் ஒரு லிட்டர்! முதல் முறை போகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" தப்பான கேள்வி.

அவர்கள் போகும் பாதை சிங்ககட், ராஜ்கட், தோர்ணா என்ற மூன்று கோட்டைகளை இணைக்கிறது. மூன்றுமே கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல். தோர்ணா 1,403 மீட்டர். புனே மாவட்டக் கோட்டைகளில் மிக உயரமானது. துணிந்தவர்கள் அங்கிருந்து சஹ்யாத்ரியின் விளிம்பில் இறங்கி, கொங்கணப் பக்கமுள்ள ராய்கட் வரை நடக்கிறார்கள். சிவாஜியின் கதையே இந்தப் பாதையில்தான் விரிகிறது. இளம் வயதில் பிடித்தது தோர்ணா. சுமார் கால் நூற்றாண்டு தலைநகராக இருந்தது ராஜ்கட். 1674இல் முடிசூடியது ராய்கட்டில்.

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் முடிப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் துண்டு துண்டாக நடக்கிறார்கள்: இந்தக் குளிர்காலத்தில் ஒரு பகுதி, அடுத்த ஆண்டு இன்னொன்று. அமெரிக்காவில் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையையும் பலர் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் நடந்து தீர்க்கிறார்கள். அங்கே 250க்கும் மேற்பட்ட தங்கும் குடில்கள் உண்டு. மாலையில் எங்கே தலை சாய்ப்பது என்பது அநேகமாக வரைபடத்திலேயே இருக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது கோயில் மண்டபம், குகை, கிராமத்து வீட்டுத் திண்ணை. இவற்றில் இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. திட்டமிடுவதன் அவசியமே இதில்தான் இருக்கிறது.

புதியவர்களுக்கு ஏற்ற பகுதி ராஜ்கட் - தோர்ணா, இரண்டு நாள். முதல் நாள் குஞ்ஜவணே கிராமத்திலிருந்து ஏறி, 'திருட்டு வாசல்' எனப்படும் சோர் தர்வாஜா வழியாகப் பத்மாவதி மாச்சிக்குப் போய்ச் சேரலாம். மாச்சி என்றால் கோட்டையின் உச்சிக்குக் கீழே நீண்டிருக்கும் மதில் சூழ்ந்த சமதளம். அங்கே பத்மாவதி கோயிலும் தண்ணீர்த் தொட்டிகளும் உள்ளன. மறுநாள் சஞ்சீவனி மாச்சியின் கோடியிலிருந்து இறங்கி, மலை முதுகின் மீதே நடந்து, புத்லா மாச்சி வழியாகத் தோர்ணா ஏற வேண்டும். பிறகு வேல்ஹே கிராமத்தில் இறங்கினால் புனே பஸ். பழகிய கால்களுக்கே மலை முதுகைக் கடக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க நம்பக்கூடிய தண்ணீர் முதுகில் சுமப்பது மட்டுமே. ஆளுக்கு நான்கு லிட்டர் என்பது மிகையல்ல.

சஹ்யாத்ரியின் குணம் அப்படி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கிறது. கருங்கல் பாறையோ அதில் பெரும்பகுதியைச் சரிவில் ஓடவிட்டுவிடுகிறது. மழையில் பாறை வழுக்கும், மூடுபனியில் பாதை மறையும். ஏப்ரலில் வெயில் சுடும், தொட்டிகளின் மட்டம் இறங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நிதானமாக நடக்கத் தோதான காலம்.

கோட்டை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மராட்டிய அமைச்சர் ராமச்சந்திர பந்த் அமாத்யர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'ஆக்ஞாபத்ரம்' என்ற ஆட்சி நூலில் இதற்கென்றே அறிவுரை இருக்கிறது: கோட்டைக்கு இடம் தேடும்போது முதலில் தண்ணீரைப் பார், இல்லையென்றால் பாறையை வெட்டித் தொட்டி அமை, ஊற்று இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பாதே. இன்றைய மலையேற்றக்காரருக்கும் இதைவிட நல்ல புத்திமதி கிடையாது.

தண்ணீருக்கு அடுத்தது கூரை. விடுமுறை நாட்களில் பத்மாவதி கோயிலில் பிந்தி வருபவருக்குக் காலை நீட்டவும் இடம் இருக்காது. கோட்டைகளில் இரவு தங்குவதற்குத் தொல்லியல் துறையின் கட்டுப்பாடுகளும் வருவதுண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. அனுமதி இல்லையென்றால் அடிவாரத்திலேயே தங்கிவிட்டு விடியுமுன் ஏறலாம். கிராமத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் திண்ணையும் கிடைக்கும், சூடான பிட்லா - பாக்ரியும் கிடைக்கும். கடலை மாவுக் குழம்பும் தடித்த ரொட்டியுமான அந்தச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு ஊரிலேயே தங்கும். கோயிலில் தங்க நேர்ந்தால் அது கோயில் என்பது நினைவிருக்க வேண்டும். மதுவும் இரைச்சலும் அங்கே ஆகாது. தொட்டியில் குளிப்பதோ சோப்புப் போடுவதோ கூடவே கூடாது. அடுத்து வருபவர் குடிக்கப் போவது அதைத்தான்.

மூன்றாவதாக, திரும்பும் வழி. இரு கோட்டைகளுக்கும் நடுவே கணவாயில் ஒரு தார்ச்சாலை குறுக்கிடுகிறது. பலர் அதைத் தாண்டிப் போவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அனுபவசாலிகள் அங்கே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்தது, ஒருவர் கால் தள்ளாடுகிறது என்றால் அத்துடன் நடையை முடித்துச் சாலை வழியே இறங்கிவிடுவார்கள். மகாராஷ்டிர மலையேற்றக்காரர்களின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. தன்னார்வலர்கள் நள்ளிரவிலும் ஏறி வருவார்கள். ஆனால் செங்குத்துச் சரிவில் ஸ்ட்ரெச்சர் இறக்குவதற்கு மணிக்கணக்காகும். திட்டத்தின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் தேடுபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1677இல் சிவாஜி வசமானது செஞ்சிக் கோட்டை. 1689இல் அவர் மகன் ராஜாராம் மொகலாயரிடமிருந்து தப்பித் தஞ்சம் புகுந்ததும் அங்கேதான். சுமார் எட்டு ஆண்டு முற்றுகையை அந்தக் கோட்டை தாங்கியது. அப்போது மராட்டிய மண்ணில் ஆட்சியைக் கட்டிக்காத்தவர் வேறு யாருமல்ல, தண்ணீரைப் பற்றி எழுதிய அதே அமாத்யர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் ராஜ்கட், ராய்கட் ஆகியவற்றுடன் செஞ்சியும் இருக்கிறது.

பட்டியலில் ஏறினால் கூட்டம் பெருகும். தொட்டிகளும் மண்டபமும் பெருகப்போவதில்லை. எனவே கிலோமீட்டர் கணக்கைக் கடைசியில் போடலாம். எங்கே தண்ணீர், எங்கே படுக்கை, எங்கே இறங்கும் வழி? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும். மிச்சமிருக்கும் பகுதிக்கு இன்னொரு சனிக்கிழமை வராமலா போய்விடும்?