பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் மௌனம் வேண்டாம்

புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடையிலுள்ள சில வாரங்கள்தான் பலருக்கு மிகக் கடினமானவை. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியராக நான் கண்டது இது. சிகிச்சை தொடங்கிவிட்டால் வாந்தி, களைப்பு என்று ஆயிரம் வந்தாலும் மனதுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. காத்திருக்கும்போது அது இல்லை.

எங்கள் சனத்துக்குக் காத்திருப்பு புதிதல்ல. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம். நானும் அதில் ஒருவன். ஆனால் அப்போது ஒரே அறையில் இருந்த நாலு பேரும் அதைப் பற்றியே கதைத்தோம். புற்றுநோய் என்றதும் வீடே வாயை மூடிக்கொள்கிறது. அதைத்தான் நான் பிழை என்கிறேன்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டா" என்று பிள்ளைகள் தனியாக வந்து கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். 'மகரகமைக்குக் கொண்டுபோயிட்டினம்' என்றால் ஆள் இனித் திரும்பாது என்று ஊரில் விளங்கிக்கொண்ட தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். ஆனால் அம்மாவுக்கு விளங்காமலா இருக்கும்? மார்பில் ஊசி ஏற்றித் தசை எடுத்திருக்கிறார்கள், ஸ்கானுக்குத் திகதி வந்திருக்கிறது, மகள் குசினிக்குள் நின்று தொலைபேசியில் இரகசியம் கதைக்கிறா. அம்மா தன்பாட்டில் மிக மோசமான முடிவொன்றைக் கற்பனை செய்துகொண்டு விடியப்புறம் மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பா. சொல்லி அழ ஆளில்லை, ஏனென்றால் அவவும் பிள்ளைகளுக்காக நடிக்கிறா.

"எனக்கு விபரம் வேண்டாம், மகனுக்குச் சொல்லுங்கோ" என்று நோயாளியே சொன்னால் அது அவருடைய உரிமை. அந்த முடிவைப் பிள்ளைகள் அவருக்காக எடுக்க முடியாது. மொழிபெயர்க்கவும் பிள்ளைகளை இருத்தாதீர்கள். மகன் விழுங்கிய சொற்களைப் பின்னர் என்னிடம் வந்து கேட்டு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். முன்கூட்டியே கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, "வேணுமெண்டு இழுத்தடிக்கிறாங்கள்" என்ற கதை. இங்கே அவசரமாக அனுப்பப்பட்டவருக்குப் புற்றுநோயா இல்லையா என்று 28 நாட்களுக்குள் சொல்லவேண்டும், 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது இலக்கு. இரண்டாவது இலக்கு பல வருடங்களாகவே எட்டப்படவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எல்லா நாளும் வீண் நாளல்ல. மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், எடுத்த தசையில் ஓமோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக உண்டா என்று பார்க்கிறார்கள். ஹெர்-2 முடிவு நடுவில் நின்றால் இன்னொரு பரிசோதனை. சத்திரசிகிச்சை முதலா, மருந்து முதலா என்பதை இவையும் தீர்மானிக்கின்றன. பிறகு நிபுணர்கள் கூடிப் பேசவேண்டும். கையில் தட்டுப்படும் கட்டி பெரும்பாலும் வருடக்கணக்கில் வளர்ந்தது. சரியான மருந்தைத் தெரிவுசெய்ய எடுக்கும் ஓரிரு வாரத்தில் பொதுவாக வாய்ப்பு நழுவிப்போவதில்லை. தீவிர இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கு இப்படிக் காத்திருக்கச் சொல்லவும் மாட்டார்கள்.

சொன்ன திகதிக்குள் முடிவு வராவிட்டால் பேசாமல் இருக்கவேண்டாம். புற்றுநோய்க்கென்று உள்ள விசேட தாதியின் பெயரையும் இலக்கத்தையும் முதல்நாளே வாங்கி வையுங்கள். அவருக்குத் தொலைபேசி எடுப்பது தொந்தரவல்ல, அது அவருடைய வேலை. முதுகு நோவுடன் கால் மரத்தல் அல்லது பலவீனம், சலம் போவதில் திடீர் மாற்றம், மூச்சு முட்டல் என்றால் மட்டும் எந்தத் திகதிக்கும் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இரவில் இணையத்தில் 'எத்தனை பேர் தப்புவார்கள்' என்று தேடாதீர்கள். ஐந்து வருடக் கணக்கு என்பது ஐந்து வருடத்துக்கு முன்னராவது நோய் கண்டவர்களை வைத்துப் போட்டது. உங்கள் நோயின் நிலை இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் வரும் கேள்விகளைக் கொப்பியில் எழுதுங்கள், வைத்தியரிடம் கேட்கலாம். நித்திரை அடியோடு இல்லையென்றால் குடும்ப வைத்தியரிடம் போங்கள், அதற்கும் வழியுண்டு. நேர்த்திக்கு விரதம் பிடிக்கும் அம்மாமாருக்கு ஒன்று: கோயிலுக்குப் போங்கோ, பட்டினி கிடக்காதேங்கோ. சிகிச்சைக்கு முன் உடம்பு மெலிவது நல்லதல்ல.

எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீண்ட பிரசங்கம் தேவையில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்து, "அம்மா, புற்றுநோய் எண்டு சொல்லியிருக்கினம். எவ்வளவு தூரம் எண்டு இன்னும் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஸ்கான், நானும் வாறன்" என்று சொன்னால் போதும். அவ அழுவா, அழட்டும். பிறகு ஸ்கானுக்கு முதல் தேத்தண்ணி குடிக்கலாமோ என்று கேட்பா. அது கடிதத்தில் எழுதியிருக்கும், வாசித்துச் சொல்லுங்கள்.