ஐவரில் ஒருவர்

“இருபத்தைந்து வருடப் பழைய துப்பாக்கி விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?” என்று எங்கள் வீடுகளில் அம்மா அப்பாமார் கேட்பதுண்டு. பெரும்பாலும் அது கண்டிப்பாகவே வந்துவிடுவதால், பிள்ளைகளும் பதில் சொல்லாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வாலிபர் ஐக்கியத்தில் உள்ள நாங்கள் இந்த முறை அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்க்க விரும்புகிறோம். அந்தப் பதிலில் எங்கள் சபைக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

விளையாட்டின் பெயர் கவுண்டர் ஸ்ட்ரைக். வல்வ் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டை மாற்றியமைத்து, மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999 இல் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். மின் லீ வியட்நாமிய வம்சாவளிக் கனேடியர். சைமன் பிரேசர் பல்கலைக்கழக மாணவர். பின்னர் வல்வ் நிறுவனமே அதைப் பொறுப்பேற்று 2000 நவம்பரில் கடைகளுக்குக் கொண்டுவந்தது. 2003 இல் வந்த 1.6 பதிப்பு எங்கள் அண்ணன்மாரின் காலத்தது. கணினிகளைக் காவிக்கொண்டுபோய் யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் வயரால் இணைத்து, விடிய விடிய விளையாடினார்கள். அதை இன்றும் விடாமல் விளையாடுகிறவர்கள் உண்டு.

இதில் கதை என்று ஒன்றும் இல்லை. இரண்டு அணிகள்; போட்டியாக ஆடும்போது அணிக்கு ஐந்து பேர். பெரும்பாலான களங்களில் ஒரு அணி குண்டு வைக்க வேண்டும், மற்ற அணி அதைத் தடுக்க வேண்டும். ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை திரும்பி வர முடியாது. மிஞ்சி நிற்கும் தன் கூட்டாளிகளைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அக்காலத்து வேறு பல துப்பாக்கி விளையாட்டுகளில் செத்தவர் அடுத்த நொடியே எழும்பி ஓடுவார். இங்கே அப்படி இல்லாததால் கண்டபடி ஓட முடியாது. நின்று நிதானிக்க வேண்டும், காலடிச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

பணத்துக்கும் ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்கும்போது எல்லோரிடமும் சமமாக 800 டொலர். அது விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசு. தோற்ற அணி ஒரு சுற்றில் சிக்கனமாக இருந்தால்தான் அடுத்த சுற்றில் ஐவருக்கும் நல்ல ஆயுதம் வாங்கலாம். ஒருவர் தன் இஷ்டத்துக்குச் செலவழித்தால் ஐவரும் சேர்ந்து தோற்பார்கள். காசு மிஞ்சியவர் ஒரு துப்பாக்கி வாங்கி, இல்லாதவர் எடுப்பதற்காக அவர் முன்னே போட்டுவிடுவார். வைக்கப்பட்ட குண்டைச் செயலிழக்கச் செய்ய 10 வினாடி ஆகும். 200 டொலருக்குக் கருவி வாங்கி வைத்திருப்பவருக்கு 5 வினாடி போதும். அவர் நன்றாகச் சுடுகிறவராக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த நேரத்தில் அணி முழுவதும் அவரையே நம்பி நிற்கும்.

ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். பாடசாலையில் எந்த அணியும் தேடாத பிள்ளையை, புது நாட்டில் இன்னும் ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளையை, நான்கு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்: “நீ வராவிட்டால் தொடங்க ஏலாது, கெதியா வா.” தான் இல்லாவிட்டால் ஒரு காரியம் நடக்காது என்ற உணர்வு வாலிபருக்கு வேறு எங்கும் அவ்வளவு லேசில் கிடைப்பதில்லை.

வன்முறை பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா என்ற பயம் நியாயமானது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் இதைப் பற்றித் தன் நிலைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டது. இத்தகைய விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு உண்டு. ஆனால் கொடிய வன்முறைகளுக்கு இவற்றைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்றது. பெற்றோரும் பிள்ளைகளும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

ஆனால் எங்கள் பெற்றோரின் சங்கடம் ஆய்வறிக்கையால் தீர்கிற ஒன்றல்ல. ஷெல் சத்தம் கேட்டு பங்கருக்குள் குதித்தவர்கள், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்கள், காணாமற்போன ஒருவருக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். பேஸ்மென்டிலிருந்து ஏ.கே. 47 சத்தம் மேலே வரும்போது அவர்களுக்கு அது விளையாட்டாகக் கேட்பதில்லை. விளையாட்டில் ஒரு அணியின் பெயரே ‘பயங்கரவாதிகள்’. போட்டியின் நடுவில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால், விளையாடுகிறவர்களுக்கு அது இடைவேளைக்குப் பின் கோல் கம்பம் மாறுவது போன்றது. தன் பிள்ளையின் மேல் அந்தச் சொல் போடப்பட்டதைப் பார்த்த தாய்க்கு அப்படி இருக்க முடியாது. விளையாட்டில் செத்தவர் அடுத்த சுற்றில் எழும்புகிறார். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாமும் நம்முடையவர்களை அழுதுதான் அடக்கம் செய்தோம்; அடக்கம் செய்யக்கூடக் கிடைக்காதவர்களும் நம்மிடையே உண்டு. இதைப் பிள்ளைகள் பெற்றோரின் வாயால் கேட்க வேண்டும். “நிப்பாட்டு” என்ற ஒரு சொல்லில் இது அவர்களுக்கு விளங்காது.

இன்னும் ஒரு காரியத்தில் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய விளையாட்டை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. 2012 இல் வந்த குளோபல் ஒஃபென்சிவ் என்ற பதிப்பில் 2013 முதல் பெட்டிகள் சேர்க்கப்பட்டன. உண்மையான காசு கொடுத்துத் திறப்பு வாங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன வரும் என்று தெரியாது. வருவது பெரும்பாலும் துப்பாக்கிக்கு ஒரு புது நிறமும் கோலமும்தான், ஆனால் சிலதை ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கிறார்கள். 2018 இல் பெல்ஜியம் இது தன் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதமானது என்று முடிவு செய்தது. 2023 இல் வந்த கவுண்டர் ஸ்ட்ரைக் 2 இலும் பெட்டிகள் தொடர்கின்றன. துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டிக்கிற வீட்டில், கிரெடிட் கார்ட் இலக்கம் பிள்ளையின் கணினியில் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இந்த விளையாட்டு 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே தரப்படுத்தப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி சபைக்கு வருவோம். நெகேமியா 3 ஆம் அதிகாரத்தை வேகமாகப் புரட்டிவிடுவது எங்கள் வழக்கம். அது வெறும் பெயர்ப் பட்டியல் போல் தெரியும். எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்கள் அங்கே பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கிறார்கள். தட்டார் இருக்கிறார்கள், தைலம் செய்கிறவர் இருக்கிறார், வியாபாரிகள் இருக்கிறார்கள், குமாரத்திகளோடு சேர்ந்து கட்டிய சல்லூம் இருக்கிறான். கட்டடத் தொழில் தெரிந்தவர்கள் மட்டும் கட்டவில்லை. ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது; ஒருவர் தன் பங்கை விட்டால் அந்த இடத்தில் அலங்கம் திறந்தே கிடந்திருக்கும்.

எங்கள் சபைகளில் வாலிபருக்குக் கிடைப்பது நத்தார் நாடகமும், வருடத்துக்கு ஒரு வாலிபர் ஞாயிறும். அவை நல்லவை, அவற்றை நாங்கள் விரும்புகிறோம். ஆனால் எங்களில் ஒருவர் வராவிட்டாலும் ஆராதனை வழக்கம்போல் நடந்து முடிந்துவிடும். மூப்பர்களிடமும் போதகர் ஐயாவிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: ஐந்தைந்து பேராக எங்களுக்கு உண்மையான பொறுப்புகளைத் தாருங்கள். ஒலிபெருக்கியும் திரையும் ஒரு குழுவிடம் இருக்கட்டும். தனியாக வாழும் முதியோரின் வாசலில் பனி அள்ளுவதும், அவர்களை வைத்தியரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பதும் இன்னொரு குழுவிடம் இருக்கட்டும். மூன்றாவது குழு மூத்தோரின் சாட்சிகளை, அவர்கள் கடந்து வந்த யுத்த நாட்களையும் சேர்த்து, பதிவு செய்யட்டும். பிழை வந்தாலும் உடனே பொறுப்பைத் திரும்ப வாங்காமல் அடுத்த கிழமையும் எங்களிடமே விடுங்கள்.

பெற்றோரிடம் கேட்பது இன்னும் சிறியது. வளர்ந்த பிள்ளை விளையாடும்போது ஒரு நாள் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு போட்டி முழுவதையும் பாருங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு உங்களுக்கு அந்தச் சத்தம் எதை ஞாபகப்படுத்துகிறது என்று சொல்லுங்கள். எங்கள் வயதினருக்கும் ஒரு வார்த்தை: அம்மம்மா வீட்டில் இருக்கும்போது ஹெட்போனைப் போடுங்கள். நடுவில் எழும்பினால் மற்ற நான்கு பேரும் தவிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே குடும்ப ஜெபத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் புதுப் போட்டி தொடங்காதீர்கள். அங்கேயும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.